தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 51. அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருக்கிறேன் என்று மருத்துவர் சொன்ன பிறகு மூன்று முறை தீர்மானம் எடுத்தேன். விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பது, சர்க்கரையை அறவே விடுவது, இரவில் சோற்றைத் தொடாமல் இருப்பது. ஒரு முறைகூடப் பத்து நாளைத் தாண்டவில்லை. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்ற வழக்கம் அப்படியே இருக்கிறது. எனக்கு மன உறுதி இல்லை என்கிறார்கள் வீட்டில். தை முதல் தேதியில் மறுபடியும் தொடங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் பேரேடு எழுதுகிற ஒருவருக்கு மன உறுதி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பேரேட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, அன்றைய வரவு செலவைத் தவிர வேறு எதையும் அது உங்களிடம் கேட்பதில்லை. உங்கள் தீர்மானமோ தூக்கம், நாக்கு, இரவுச் சாப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறது. அது பத்து நாள் தாங்கியதே எனக்கு வியப்பு.

முதலில் காபிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு காபியில் 40 கிராம் சேர்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவர், இனிப்பு, பானம் எல்லாவற்றிலும் சேர்த்து இத்தகைய சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கும்பகோணத்துக்காரரிடம் காலை டிகிரி காபியில் கை வைக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மண்டிக்கு வருகிற காபியில் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் இன்றே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் முடிவெடுக்க வேண்டியதே இல்லை, டபராவில் வருவதைக் குடித்தால் போதும். அது நாக்குக்குப் பழகியபின் அடுத்த காபிக்குப் போகலாம்.

நடைக்கும் இதே முறைதான். எந்தச் சூழ்நிலை வந்தால் எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்பவர்கள், வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். ஆகவே, “தினமும் நடப்பேன்” என்ற வரியை அடித்துவிட்டு, “இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் தெருவில் நடப்பேன்; மழை பெய்தால் கூடத்துக்கும் ரேழிக்குமாக நடப்பேன்” என்று எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் நம் ஊரில் பாதித் தீர்மானங்கள் கரைந்துபோகின்றன என்பதால் அந்த இரண்டாம் பகுதி அவசியம். சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், உங்கள் நிலையில் இந்தப் பத்து நிமிடத்துக்குத் தனிப் பயன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையை எட்டச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கு ஆன காலம் நடுத்தரமாக 66 நாட்கள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் வேரூன்றுவதைக் குறிப்பிடும்படி கெடுக்கவில்லை. உங்களுடைய பத்தாம் நாள் தோல்வி, உண்மையில் நாற்றங்காலிலேயே பயிரைக் கைவிட்டதற்குச் சமம்.

பலன் தெரியவும் காலம் பிடிக்கும். மேட்டூரில் மதகு திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. உங்கள் மருத்துவர் எழுதித்தரும் எச்பிஏ1சி பரிசோதனை இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆதலால் பதினைந்தாம் நாள் ஆய்வகத்துக்கு ஓடாதீர்கள். உங்களைப் போல் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது.

தை வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே தொடங்கலாம், ஆனால் காபி, நடை இரண்டில் ஒன்றை மட்டும். இரவுச் சோற்றைப் பற்றி மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வயது 44, எடை 72 கிலோ. தையில் மகளுக்குக் கல்யாணம். மூன்று மாதத்தில் 12 கிலோ குறைக்க விரும்புகிறேன். ஆறு பேருக்குச் சமைக்கிறேன். மிஞ்சும் சோற்றைக் கொட்ட மனம் வராமல் நானே சாப்பிட்டுவிடுகிறேன். அளவாகச் சாப்பிட்டால் மாமியார் கோபித்துக்கொள்கிறார். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் போதுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி அருகில்

பதில்: 12 கிலோவை மறந்துவிடுங்கள். பட்டினி கிடந்து குறைக்கிற எடை பெரும்பாலும் கல்யாணச் சந்தடி ஓய்ந்ததும் திரும்பி வந்துவிடும். உடல் எடையில் 7 சதவீதம், அதாவது உங்களுக்குச் சுமார் 5 கிலோ குறைவதே நல்ல மாற்றம். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்விலும் இந்த 7 சதவீதமே இலக்காக வைக்கப்பட்டது.

நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய மிச்சச் சோறுதான் என் கண்ணில் பட்டது. தட்டின் முன் உட்கார்ந்த பின் அளவு பார்ப்பது கடினம், அதுவும் மாமியார் எதிரில். அரிசி அளக்கும் இடத்தில் உங்களைக் கேட்பார் இல்லை. ஒரு வாரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அதற்கு ஏற்றபடி அரை ஆழாக்கோ ஓர் ஆழாக்கோ குறைத்து உலையில் போடுங்கள். எடை குறைப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், “அத்தை, இனிமேல் வீணாகாமல் வடிப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். சோறு வீணாகக் கூடாது என்பதைக் காவிரிக் கரை மாமியார் யாரும் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளைச் சம்பா தவிடு நீக்காத நிலையில் நார்ச்சத்து மிகுந்த அரிசி, நன்றாக மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனாலும் அதுவும் அரிசிதான். அதே அளவு குவித்து உண்டால் எடை நகராது. வாரத்தில் ஒரே கிழமை, காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். தினமும் பார்ப்பது சிலருக்கு வீண் மனவருத்தம்.

கேள்வி: வயல் வேலை செய்கிற எனக்கும் நடைப்பயிற்சி தேவையா?
- ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: களையெடுப்பதும் வரப்பு வெட்டுவதும் உடற்பயிற்சிக் கணக்கில் சேரும். ஆனால் நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள் என்றான பிறகு, பழைய உழைப்பு இன்னும் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்த பின் பங்குனி, சித்திரையில் உடம்பு சும்மா இருக்கும். சாப்பாடு மட்டும் குறைந்திருக்காது. அந்த மாதங்களுக்கெனத் தனியாக ஓர் இலக்கு வேண்டும். வெயில் ஏறும் முன் கடைத்தெருவுக்கு நடந்தே போய்வருவது போன்ற ஒன்று போதும். பருவத்தில் தண்ணீர் பார்க்கப் போகும்போதும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாரத்தில் இரண்டு இரவு சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சரியா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். தூக்கத்தில் வந்தால் உடனிருப்பவர்களுக்கும் தெரியாமல் போகும். அப்படி ஏற்பட்டு, விழுங்கக்கூடிய நிலையில் நினைவும் இருந்தால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்கச் சொல்லி வீட்டாரிடம் இப்போதே கூறிவையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டுடன், கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.