வென்றவர் ஊர்ப்பக்கம் வரவில்லை: வாக்காளர் என்ன செய்யலாம்?

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய மடலின் சுருக்கம் இது: "எங்கள் ஊருக்கும் பெரிய சாலைக்கும் இடையே ஓடை ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலம் மூழ்கிவிடுவதால் பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்குப் போகிறார்கள். உயர்மட்டப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லி வென்ற சட்டமன்ற உறுப்பினர் அதன் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. அவரைத் திரும்ப அழைக்க வழி உண்டா? அடுத்த தேர்தலை ஊரே சேர்ந்து புறக்கணிக்கலாம் என்கிறார்கள். 18 வயது நிறைந்த என் தங்கையோ, ஓட்டுப் போட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று பட்டியலில் பெயர் சேர்க்கவே மறுக்கிறாள்."

திரும்ப அழைக்கும் உரிமை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ வாக்காளர்கள் பதவிக்காலத்தின் நடுவில் திரும்ப அழைக்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு மட்டும் அத்தகைய ஏற்பாடு உண்டு. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் பதவி உடனே பறிபோகும் என்பது 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் உறுதியான நிலை; கட்சி தாவினால் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையின்படி தகுதியிழப்பு வரும். அவையின் அனுமதியின்றி 60 நாள் கூட்டங்களுக்கு வராதவரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்று அரசமைப்பின் 190-ஆவது பிரிவு சொன்னாலும், அவை முடித்துவைக்கப்பட்டிருக்கும் காலத்தையும் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், நடைமுறையில் அது யாரையும் தொடுவதில்லை. ஊருக்கு வராததும் வாக்குறுதியை மறந்ததும் இவற்றில் எதிலும் அடங்காது. வாக்குறுதியை நிறைவேற்று என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் முடியாது.

அப்படியானால் ஐந்து ஆண்டுகளும் கைகட்டி நிற்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டியதில்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். ஓய்வுக்குப் பின் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தகவல் உரிமை மனு எழுதித் தருவது என் அன்றாட வேலையாகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மக்கள் பிரதிநிதியிடம் வாய்மொழியாகக் கேட்ட கேள்விக்கு வாய்மொழியாகவே பதில் வரும், அது அன்று மாலையே மறந்தும் போகும். தேதியும் பெயரும் எண்ணும் உள்ள தாளில் கேட்ட கேள்விதான் அடுத்த தேர்தல் வரை உயிரோடு இருக்கும். ஆகவே உங்கள் ஊருக்கு இன்றைக்குத் தேவைப்படுவது ஒரு கோப்பு.

அந்தக் கோப்பின் முதல் தாள், பாலம் யாருடைய பொறுப்பு என்பதைத் தெரிவிப்பதாக இருக்க வேண்டும். பலர் இதில்தான் ஓராண்டை வீணாக்குகிறார்கள். ஓடையைக் கடக்கும் அந்தச் சாலை ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்பதைப் பொறுத்து மனு போய்ச் சேர வேண்டிய இடமே மாறுகிறது; ஓடை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தால் அந்தத் துறையின் ஒப்புதலும் தேவைப்படும். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சட்டமன்ற உறுப்பினரைத் திட்டுவதும், மாநில அரசின் சாலைக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டுவதும் நம் ஊர்களில் வழக்கமாக இருக்கின்றன. உண்மையில் பொறுப்பானவர் அந்தக் குழப்பத்துக்குள் வசதியாக மறைந்துகொள்கிறார். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைப் பார்த்து இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் அனுப்பினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திலும் முறையிடலாம். மனுவை உறுப்பினரின் பெயருக்கு அனுப்பாமல், ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "பாலம் ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் கடமை அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் இந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. "தேர்தல் முடிந்த நாள் முதல் இன்று வரை, இந்த ஓடையின் குறுக்கே பாலம் கட்டக் கோரிச் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து இவ்வலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் நகல்களையும், அவற்றின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்களையும், மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகலையும் தருக" என்று கேளுங்கள். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை என்று பதில் வந்தாலும் அதுவே உங்கள் கோப்பின் மிக முக்கியமான தாளாகிவிடும்.

அதே மனுவையொட்டி மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு இன்னொன்று அனுப்பலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது; பணியைப் பரிந்துரைப்பவர் உறுப்பினர், நிர்வாக அனுமதி தருபவர் ஆட்சியர். பேருந்து நிழற்குடைகளின் நெற்றியில் நிதியாண்டும் மதிப்பீடும் பெயரும் வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பணம்தான். எந்த ஊரில், எந்தப் பணிக்கு, எவ்வளவு என்ற ஐந்தாண்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், தொகுதியின் எந்த மூலை கவனிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பது உடனே விளங்கும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 தொகுதி உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, நெடுங்காலமாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின் கீழ் உங்கள் தொகுதிக்காகத் தரப்பட்ட அந்தப் பத்தில் உங்கள் பாலம் இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் கிராம சபையில் நான் உட்கார்ந்திருந்தபோது, தீர்மானம் எதையும் படிக்காமலேயே பதிவேட்டைக் கைமாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலை அட்டையை இடுப்பில் செருகியிருந்த அம்மா ஒருவர், பேனாவை மூடிவிட்டு, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்றார். செயலர் படித்தார். அரை மணி நேரம் எல்லோரும் பேசிய ஏரி மதகு அதில் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அது கடைசி வரியாகச் சேர்க்கப்பட்ட பிறகே அந்த அம்மா கையெழுத்திட்டார். உங்கள் பாலமும் அவ்வாறே எழுத்தில் ஏறி, நீங்கள் உடனிருந்து படிக்கக் கேட்டு, நகலும் வாங்கிவிட்டால், ஊரின் கோரிக்கை என்று சொல்வதற்கு ஓர் ஆதாரம் கிடைத்துவிடும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் இருக்கிறது. சட்டமன்றப் பேரவையில் மனுக்கள் குழு என்று ஒரு குழு இயங்குகிறது. நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினை குறித்து யார் வேண்டுமானாலும் அதற்கு மனு அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டுமே இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதாகவோ தனிப்பட்டவரின் குறையாகவோ இருக்கக் கூடாது. குழு மாவட்டங்களுக்கு வரும்போது துறை அலுவலர்களை வரவழைத்து விசாரிக்கிறது, இடத்தையும் நேரில் பார்க்கிறது. பேரவைக்குப் போகும் மனுவின் நகலை உங்கள் உறுப்பினருக்கும் அனுப்பி, இது பற்றிப் பேரவையில் வினா எழுப்பும்படி கோருங்கள். நிதி இல்லை என்று சொல்லலாம், துறை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். ஆனால் வினா எழுப்புவது முழுக்க அவர் கையில் உள்ள வேலை. இந்த ஒன்றைச் செய்தாரா இல்லையா என்பதை வைத்தே அவரைப் பெருமளவு மதிப்பிடலாம் என்பது என் கருத்து.

இனித் தேர்தல் புறக்கணிப்பு. கறுப்புக்கொடி கட்டும் ஊர்களின் வலி எனக்குப் புரிகிறது. வேறு எதற்கும் வராத வட்டாட்சியர் அதற்கு வருகிறார் என்பதும் உண்மை. ஆனால் அவர் தருவது பெரும்பாலும் வாய்மொழி உறுதி; வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அதைக் கேட்க ஊருக்கு எந்தப் பிடியும் இருப்பதில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்தால், பேசியதை எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் பெறாமல் எழுந்துவிடாதீர்கள். அதன் பிறகு எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்பதே என் உறுதியான ஆலோசனை, ஏனென்றால் வாக்குப் பதிவாகாத ஊரை வேட்பாளர்கள் அடுத்த முறை கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள். 2016-இல் இராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137. இராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-இல் ஒரே ஒரு வாக்கில் முடிவு மாறியது. உங்கள் ஊரின் ஒரு வாக்குச்சாவடி மட்டுமே இவற்றைப் போலப் பல மடங்கு வாக்குகளைக் கொண்டது. யாரையும் பிடிக்கவில்லை என்றால் 'நோட்டா' இருக்கிறது. எனினும் அது முதலிடம் பெற்றாலும் அடுத்து அதிக வாக்குப் பெற்ற வேட்பாளரே வென்றவர் என்பதை அறிந்தே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்.

வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம் ஆகாது. அரசமைப்பின் அடிப்படைக் கடமைகள் பட்டியலிலும் அது இல்லை. ஆஸ்திரேலியாவில் 1924 முதல் அது கட்டாயம். நான் அதைக் கடமை என்று சொல்வது வேறு காரணத்துக்காக: வாக்களித்தவர்களின் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இடக்கை ஆள்காட்டி விரலில் மை வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒவ்வொருவரையும் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் விடுபட்ட பெயர்களையும் கட்சி முகவர்கள் கவனமாகக் குறித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். யார் வருவார், யார் வரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். வராதவரின் கோரிக்கைக்கு என்ன எடை இருக்கும் என்று உங்கள் தங்கையே யோசிக்கட்டும்.

வாக்குக்குப் பணம் பற்றியும் மனம் வருந்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தான வரலாறு நம்முடையது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் குற்றவாளிகள். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள்: பணம் கொடுத்தவர் உங்கள் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார், பாலம் கேட்டுப் போகும்போது அவர் முகத்தில் அது தெரியும். பணம் வந்தால் 1950 என்ற எண்ணுக்கோ தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியிலோ தெரிவிக்கலாம்.

அடுத்த தேர்தலில் வேட்புமனுக்கள் வந்ததும், ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற உறுதிமொழி ஆவணத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து எடுத்து, குற்ற வழக்குகள், சொத்து, கடன் ஆகியவற்றைப் படியுங்கள். பழைய உறுப்பினரே மீண்டும் நின்றால் அவருடைய முந்தைய ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாக்குக் கேட்டு யார் வந்தாலும் உங்கள் கோப்பைத் திறந்து, சாலை எந்தத் துறையுடையது, மதிப்பீடு எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டி, எந்த அலுவலகத்துக்கு எந்த மாதத்துக்குள் கடிதம் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். "கட்டாயம் செய்கிறோம்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

தங்கையின் பெயரைச் சேர்க்கப் படிவம் 6 போதும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் இருப்பதால் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 இறுதியில் பட்டியலில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்திருப்பதால், உங்கள் பெயரும் வீட்டிலுள்ள மற்றவர்களின் பெயரும் இன்னும் இருக்கின்றனவா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இன்றே சரிபாருங்கள். அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால் திரும்பி வந்துவிடாமல், தேர்தல் நடத்தும் விதிகளில் 49-பி (49P) விதியின்படி ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டு கேட்டுப் பெறுங்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது என்றாலும், வழக்கு வந்தால் நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்க்கும். தங்கை படிவத்தில் கையெழுத்திடும் அன்றே அடுத்த கிராம சபைத் தேதியையும் சொல்லி, தீர்மான நகலை வாங்கி வரும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.