சிவப்பு எங்கே ஏறுகிறது? கேள்வி பதில்

உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர், மூச்சும் இரத்தமும் பற்றிய பழைய கொள்கைகள் குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆக்சிஜன் தெரியாத காலத்தில் மூச்சு எதற்கென்று நினைத்தார்கள், ஐயா?

சூடு தணிக்க. இதயம் ஓர் அடுப்பு. உள்ளே போகும் காற்று அதைக் குளிர்விக்கிறது, வெளியே வரும் காற்று புகையை அகற்றுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னது இது. சிரிக்காதீர்கள். ஓடினால் மூச்சு வாங்குகிறது, உடம்பும் கொதிக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. தமனிகளில், அதாவது இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்களில், ஓடுவது காற்றுதான் என்று அவருக்கு முந்தைய கிரேக்க மருத்துவர் எரசிஸ்டிராடஸ் சொல்லியிருந்ததைப் பொய்யாக்கியவரும் அவரே. தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் கீறினார். இரத்தம்தான் வந்தது.

கேள்வி: இதயத்துக்குத் திரும்பும் சிரை இரத்தம் கருஞ்சிவப்பு, தமனி இரத்தம் பளிச்சிவப்பு. இதை முதலில் கண்டவர் யார்?

கத்தி பிடித்த எல்லோரும் கண்டதுதான். நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதில்தான் தகராறு. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லோயர்கூட முதலில் இதயத்தில்தான் என்று எழுதினார்.

1667இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் ராபர்ட் ஹூக் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் நுரையீரலுக்குக் காற்று ஊதினார். பிறகு நுரையீரலின் மேற்புறத்தில் சிறு துளைகள் குத்தி, காற்று ஓயாமல் ஊடுருவும்படி செய்தார். நுரையீரல் விரிந்து சுருங்காமல் அசையாது நின்றது, நாய் உயிரோடிருந்தது. ஆக, உயிர் காப்பது அசைவு அல்ல, புதுக்காற்று.

லோயர் அங்கிருந்து ஒரு படி மேலே போனார். மூச்சுக்குழாயை அடைத்தால் கழுத்துத் தமனியிலிருந்தே கருத்த இரத்தம் வருகிறது. இதயம் மாற்றுவதாக இருந்தால் அப்படி வரக்கூடாதே! மூச்சு நின்றுபோன நாயின் நுரையீரல் வழியே சிரை இரத்தத்தைச் செலுத்தி, கூடவே துருத்தியால் காற்றும் ஊதினார், சிவந்து வெளிவந்தது. 1669இல் வெளியான தம் நூலில் பழைய கருத்தைத் தாமே கைவிட்டார். அறிஞர்களிடம் நான் மதிக்கும் குணம் இது.

எனக்குப் பிடித்த சான்று இன்னும் எளியது. கிண்ணத்தில் உறைந்த இரத்தத்தின் மேற்பரப்பு சிவப்பாகவும் அடிப்புறம் கறுப்பாகவும் இருக்கும். அடியில் தங்குவது கரும்பித்தம், அதாவது பழைய மருத்துவம் சொன்ன உடல் நீர்களில் ஒன்று, என்று நெடுங்காலம் நம்பினார்கள். கட்டியைப் புரட்டிப் போட்டால் காற்றுபட்டு அதுவும் சிவக்கிறது. பித்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

கேள்வி: அப்படியானால் கையில் நரம்பு நீலமாகத் தெரிவது ஏன்?

அது சிரை, நரம்பு வேறு. உள்ளே இருப்பது கருஞ்சிவப்பு இரத்தம்தான். தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் நீலம்போலத் தோன்றுகிறது.

கேள்வி: மூச்சும் ஒருவகை எரிதல் என்றவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேதானே?

ஆம். 1780களின் தொடக்கத்தில் கணித அறிஞர் லாப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் கினிப்பன்றியை வைத்தார். உருகிய பனியை வைத்து அதன் வெப்பத்தையும், தனியே அது வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்தார். அதே அளவு வாயுவைத் தரும் கரியை எரித்தால் வரும் வெப்பத்தோடு ஒப்பிட்டபோது ஓரளவு பொருந்தியது. ஆனால் எரிவது நுரையீரலில் என்று எண்ணினார். சூடெல்லாம் அங்கேயே பிறந்தால் நுரையீரல் என்னாவது என்று கணித மேதை லக்ராஞ்சு கேட்டார். இரத்தம் ஓடும் வழியெங்கும் அது நடக்க வேண்டும் என்றார். 1837இல் பெர்லினில் மாக்னஸ் என்ற அறிவியலாளர், இருவகை இரத்தத்திலும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இருப்பதையும், தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் விகிதம் கூடுதல் என்பதையும் காட்டினார். நிறத்துக்குக் காரணமான பொருளுக்கு ஹீமோகுளோபின் என்ற பெயர் 1864இல் ஹோப்பே-சைலர் இட்டது. எரிதல் நடப்பது திசுக்களில் என்பது அதற்கும் பின்னரே உறுதியாயிற்று.

கேள்வி: வெப்பநாட்டில் சிரை இரத்தம் கூடுதலாகச் சிவக்கும் என்று படித்தேன். கட்டுக்கதையா?

ஜெர்மன் மருத்துவர் மேயர் அப்படித்தான் பார்த்தார். 1840இல் கப்பல் மருத்துவராக ஜாவா போனவர், மாலுமிகளின் கையில் இரத்தம் எடுத்தபோது, தமனியைத் தவறிக் கீறிவிட்டோமோ என்று திடுக்கிட்டார். சூடான ஊரில் உடல் குறைவாக எரித்தால் போதும், ஆகவே ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று நினைத்தார். அந்த யோசனைதான் ஆற்றல் அழிவதில்லை என்ற 1842ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அவரைக் கொண்டுசேர்த்தது.

கேள்வி: அந்த நாய்களை நினைத்தால் மனம் கேட்கவில்லை, ஐயா.

ஹூக்குக்கும் கேட்கவில்லை. 1664இல் இதே துருத்திச் சோதனையைச் செய்துவிட்டு, அந்த உயிர் பட்ட வதையால் இனி இப்படிச் செய்ய மனம் வராது என்று அறிவியலாளர் ராபர்ட் பாயிலுக்குக் கடிதம் எழுதினார். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் செய்தார்.