பண்ணைக் கொட்டகையை வீடாக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய பண்ணைக் கட்டடம் விலைக்கு வருகிறது. இரும்புத் தூண்கள், அஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு பக்கம்தான் சுவர், மற்ற இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது. கடைசியாக யாரோ சவாரிக் குதிரை கட்டியிருந்தார்களாம். ‘கிளாஸ் கியூ இருக்கிறது, முழு பிளானிங் அனுமதியே வேண்டாம்’ என்று ஏஜென்ட் அடித்துச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், சகோதரி. நீங்கள் போகிறபோக்கில் சொன்ன குதிரைதான் எனக்கு முதல் கவலை.

கிளாஸ் கியூ என்பது விவசாயக் கட்டடத்தை வீடாக்க இங்கிலாந்துச் சட்டம் தரும் சலுகை. 2024 மே மாதம் அதை இன்னும் தாராளமாக்கினார்கள். ஒரு பண்ணையில் 10 வீடுகள் வரை, ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டருக்குள், எல்லாம் சேர்த்து 1,000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆனால் சவாரிக்காகக் குதிரை வளர்ப்பது சட்டத்தின் கண்ணில் விவசாயம் ஆகாது. விவசாயம் நின்றபின் அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்தியிருந்தால் கிளாஸ் கியூ கிடைக்காது. ஆகவே குதிரை எந்த வருடம் வந்தது, அதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

குதிரை விஷயம் தப்பித்தாலும் கட்டடம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இந்தச் சலுகை, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை மாற்றுவதற்குத்தான், புதிதாகக் கட்டுவதற்கு இல்லை. 2016இல் ஹிப்பிட் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கேயும் இரும்புச் சட்டக் கொட்டகைதான், மூன்று பக்கம் திறப்பு. சுவரெல்லாம் புதிதாக எழுப்ப வேண்டியிருந்ததால், அது மாற்றம் அல்ல, மறுகட்டுமானம் என்ற முடிவே நிலைத்தது. உங்களுடையதில் இரண்டு பக்கம் திறப்பு. கண்டிப்பாக மறுப்பார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் கவுன்சில், அதாவது அனுமதி தரும் உள்ளாட்சி மன்றம், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாது.

நான் இப்படிப்பட்ட கொட்டகைக்குப் போனால் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தூணின் அடியைத்தான் பார்ப்பேன். தரையைத் தொடும் இடத்தில் சாணமும் ஈரமும் வருடக்கணக்கில் தின்று, இரும்பு ஏடு ஏடாக உரிந்திருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் சாவியால் சுரண்டினாலே துரு கொட்டும். வாங்குவதற்கு முன்பே ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவரை வைத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். அந்தச் செலவு வீணாகாது. கூரை அஸ்பெஸ்டாஸ் என்பதால் அதை அகற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

‘அனுமதியே வேண்டாம்’ என்பதும் சரியில்லை. கவுன்சிலிடம் முன் ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும். பாதை, சத்தம், வெள்ளம், மண்ணில் மாசு, எல்லா அறைக்கும் வெளிச்சம் வருகிறதா என்றெல்லாம் பார்த்து 56 நாளில் பதில் சொல்வார்கள். கிடைத்தால் 3 வருடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். இன்னொன்று, தோட்டம். விளம்பரத்தில் ஒரு ஏக்கர் என்று போட்டிருக்கலாம். ஆனால் வீட்டோடு சேரும் நிலம் அந்தக் கட்டடம் நிற்கும் பரப்பளவைத் தாண்டக் கூடாது. மீதி வயல் வயல்தான், அங்கே ஊஞ்சல் கட்டிப் புல்தரை போட முடியாது. பலர் வாங்கியபின் இதைக் கேள்விப்பட்டு மனம் நொந்துபோகிறார்கள்.

கிளாஸ் கியூ ஒத்துவராவிட்டால் முழு விண்ணப்பம் போடலாம். பயனற்றுக் கிடக்கும் கட்டடத்தை வீடாக்கி, சுற்றுப்புறமும் மேம்படுமானால், தேசியத் திட்டக் கொள்கை அதற்கு இடம் தருகிறது. கவுன்சில் இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடிப் பாருங்கள். முன்பு யாராவது விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கும். எல்லாம் பார்த்தபின்னும் ஆசை விடவில்லை என்றால், அனுமதி கிடைத்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் செங்கல் களஞ்சியத்தின் கூரையில் வௌவால்கள் இருக்கின்றன. கூரையைப் பிரித்துவிட்டு விண்ணப்பித்தால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வௌவால் இல்லாத நேரத்தில் அதன் இருப்பிடத்தைக் கலைத்தாலும் குற்றம்தான், சிறைக்குக்கூடப் போக நேரும். போதாததற்கு, கூரை போன கட்டடத்தை ‘இருக்கும் கட்டடம்’ என்று காட்டுவதும் கஷ்டமாகிவிடும்.

வௌவால் இருப்பதாலேயே வீடு கட்ட முடியாது என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் கூரைக்குள் அவற்றுக்கு ஓரிடம் ஒதுக்கி, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் உரிமம் வாங்கி வேலையைத் தொடரலாம். ஆனால் அந்தி நேரத்தில் அவை வெளியே பறப்பதைக் கணக்கெடுக்கும் சர்வே மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான். சீசன் தொடங்கிவிட்டால் சூழலியல் நிபுணர்களுக்கு நேரமே இருக்காது, இப்போதே ஒருவரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.