மாமியின் நீத்துப்பெட்டியும் வெள்ளைச் சோபாவும்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. மாமா காலமானபின் மாமி யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, மண்ணெண்ணெய் அடுப்பு என்று அவர் கொண்டுவந்த சாமான்களால் குசினியில் நிற்க இடமில்லை. எனக்கு மினிமலிசம், அதாவது குறைந்த சாமானோடு எளிமையாக வைத்திருக்கும் பாணி, பிடிக்கும். இவற்றையும் மாமியின் பிரம்புக் கதிரைகளையும் கழித்துவிட்டு, வெள்ளைச் சோபா, திறந்த ராக்கை, ஒரே மாதிரிக் கண்ணாடிப் போத்தல்கள் எல்லாம் தவணைக்கு எடுக்க யோசிக்கிறேன். மாமியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு,

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் சாமான்தான் கண்ணில் படுகிறது என்றால் களைப்பு இன்னும் கூடும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கழிக்கப்போவதெல்லாம் மாமியுடையது, வாங்கப்போவதெல்லாம் உங்களுடையது. இதை மாமி கவனிக்காமல் இருப்பாரா?

அந்த நீத்துப்பெட்டியை ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் பனையோலை. கூம்பாக இருப்பதால் பானை வாயில் தானாகவே பொருந்தி நிற்கும். பின்னலின் இடுக்கால் ஆவி ஏறி மா அவியும். வேலை முடிந்தால் ஆணியில் மாட்டிவிடலாம். ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் நல்ல வடிவமைப்புக்குப் பத்து விதிகள் சொன்னார். பொருள் பயன்பட வேண்டும், பார்த்ததும் விளங்க வேண்டும், இயன்றவரை குறைவாக வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. அந்த மூன்றுக்கும் உங்கள் குசினியில் இதைவிட நல்ல உதாரணம் இருக்காது.

கொழும்பில் வடிவான வீடு என்றால் பலரும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைத்தான் சொல்வார்கள். பகத்தலை வீதிப் பக்கம், 33ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. 1958இல் தொடங்கி, அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை வாங்கி ஒன்றாக்கினார். வெள்ளைச் சுவர் அங்கேயும் உண்டு. செட்டிநாட்டுப் பழைய தூண்களும் உண்டு, அவர் ஆசையோடு சேர்த்த எத்தனையோ பொருட்களும் உண்டு. ஆனாலும் நெருக்கமாகத் தெரியாது, ஏனென்றால் வெளிச்சமும் காற்றும் வர வழி விட்டிருக்கிறார். உங்கள் யன்னலை எந்தச் சாமான் மறைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெள்ளைத் துணிச் சோபா வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் துணி பூஞ்சணம் பிடிக்கும். திறந்த ராக்கையில் காலி வீதி (Galle Road) தூசும் கடற்காற்றின் பிசுபிசுப்பும் படியும், துடைப்பதே தனி வேலையாகிவிடும். பிரம்புக் கதிரையில் காற்று ஊடாடும், பின்னல் அறுந்தால் திரும்பப் பின்னலாம்.

மண்ணெண்ணெய் அடுப்பையும் கொடுக்காதீர்கள். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு நின்ற வரிசை மறந்திருக்காது. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான், ஆனாலும் அந்த அடுப்பு இருந்த வீடுகளில் ஒரு வேளையாவது சோறு வெந்தது. துடைத்து, கட்டிலுக்குக் கீழே வையுங்கள்.

இந்த ஞாயிறு உங்கள் அலுமாரியைத் திறந்து, ஒரு வருடமாகப் போடாத உடுப்புகளை எடுங்கள். பிறகு மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள், சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்து சேர்ந்த டப்பாக்கள். மாமி பார்க்கவே செய்யுங்கள். அது முடிந்தபின் அவரோடு இருந்து, எதை எதைப் பாவிக்கிறார் என்று கேளுங்கள். கடகம் இரண்டு இருந்தால், ஒன்றை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரே சொல்லக்கூடும்.

சோபாவுக்கு முற்பணம் கட்டிவிட்டீர்களென்றால், எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று நாளைக்கே கடையில் விசாரியுங்கள்.