சந்தா கட்டினால் போதுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிரிவு என்று பெயரே தவிர, நான் ஒருத்திதான். தொடர்புகள் கிடைக்கும், ஏதாவது தொழில்முறைச் சங்கத்தில் சேர் என்று சென்னைத் தோழி வற்புறுத்துகிறாள். அவள் சொல்லும் வெளிநாட்டுச் சங்கத்தின் ஆண்டுச் சந்தா என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. இதற்கிடையே, 'உங்களை மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல். என்ன செய்யட்டும்? சேர்ந்தால் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். உங்களைக் கௌரவிக்க உங்களிடமே காசு கேட்பவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத இடம் வீண்.

நம் ஊர்ப் பக்கம் கோயில் கொடைக்கு வரி தண்டுவார்கள் அல்லவா? வரி எல்லா வீட்டிலும்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பந்தக்கால் நட்ட அன்றிலிருந்து கூடவே நின்று, வில்லுப்பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவனைத்தான் ஊருக்குத் தெரியும். சங்கமும் அப்படியே. நானும் ஒரு காலத்தில் ஒரு சங்கத்தில் மூன்று ஆண்டுகள் சந்தா கட்டினேன். ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. நான்காம் ஆண்டு கட்டாமல் விட்டேன், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் வருத்தமில்லை. பார்த்தறியாத முகத்தை யார் தேடுவார்?

எந்தச் சங்கம் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. இன்டர்நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன் 1950இல் தொடங்கியது, அது ஆய்வாளர்களுக்கானது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அதை யோசிக்கலாம். நிறுவனங்களுக்குள் தொடர்புப் பணி செய்பவர்களுக்கு 1970இல் தொடங்கிய இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் பிசினஸ் கம்யூனிகேட்டர்ஸ் இருக்கிறது. நல்ல சங்கம்தான், ஆனால் சந்தாவை மருத்துவமனை கட்டினால் மட்டும் சேருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா. 1958இல் பிறந்தது, சென்னையில் கிளை உண்டு. 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் அதன் முதல் அகில இந்திய மாநாடு கூடியது. அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த மாநாட்டில் நடந்த ஒரு காரியம் உங்களுக்கு நேரடியாக உதவும். தொழிலுக்கான நெறிமுறையை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் 1965இல் ஏதென்ஸ் நகரில் வகுத்த நெறிமுறை அது. வேறு எந்தத் தேவைக்காகவும் உண்மையைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது, உறுதிசெய்ய முடியாத செய்தியைப் பரப்பக் கூடாது என்கிறது. 'தென் தமிழகத்திலேயே முதன்முறையாக' என்று ஓர் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பத்திரிகைக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதன்முறையா என்று ஒருவருக்கும் தெரியாது. தனி ஆளாக நீங்கள் மறுத்தால் திமிர் என்பார்கள். 'எங்கள் தொழில் விதி இதை அனுமதிப்பதில்லை சார்' என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். வக்கீலுக்கும் டாக்டருக்கும் அப்படிச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கிறது. நம் வேலைக்கு உரிமமும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது; சங்கம்தான் அந்தச் சுவர். தோழி சொன்ன 'தொடர்புகள்' எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

இனி தூரம். மாலைக் கூட்டத்துக்குச் சென்னை போய்வர நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் விடுப்பு. 2023இல் வந்தே பாரத் வந்தும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் திட்டமிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறை விருந்தினராகப் போய் உட்காருங்கள். சென்ற ஆண்டு என்ன நடத்தினார்கள், தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று கேளுங்கள். மேடையில் மாலையும் பொன்னாடையுமாகவே பொழுது போனால் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம்.

மற்ற பத்து மாதங்களுக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது. வானொலி நிலையம் 1963 முதல் இங்கே இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். உங்களைப் போலவே தனியாக அல்லாடும் ஒருத்தி இன்னொரு மருத்துவமனையிலும் இருப்பாள். மாதம் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் டீ குடிக்கக் கூடுங்கள். அவரவர் எழுதிய ஒரு குறிப்பைக் கொண்டுவந்து மற்றவர்கள் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குப் பெயர்ப் பலகை, தலைவர், பொருளாளர் எதுவும் வைத்துவிடாதீர்கள், சண்டை வரும்.

விசிட்டிங் கார்டு விஷயம்: உறுப்பினர் என்று கீழே ஒரு வரி போடலாம். பெயருக்குப் பின்னால் பட்டம் போல ஒட்ட வேண்டாம். ஒரே தடவையில் ஆயிரம் கார்டு அச்சடித்துவிடவும் வேண்டாம். அடுத்த ஆண்டு சந்தா கட்டுவீர்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.