கேம் துறையில் பெண்கள்: யார் போட்ட கணக்கு?

வீடியோ கேம் துறைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதலில் பெங்களூரில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், இப்போது ஒரு மொபைல் கேம் குழுவில் டிசைனர். கேமில் வரும் பெண்களைப் பற்றியும் கேம் செய்யும் பெண்களைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. வசவுகளை ஒதுக்கி, திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து, மீதிக்கு இங்கே பதில்.

மணி, கோவை: அக்கா, நேராவே கேக்குறேன். பொண்ணுங்க கேம் ஆடுறது கம்மி. வாங்குறவனுக்குத்தானே கடைக்காரன் சரக்கு போடுவான்? இதுல என்ன தப்பு?

தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது தம்பி. அமெரிக்காவில் கேம் ஆடுபவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பெண்கள் என்று அந்த நாட்டுக் கேம் நிறுவனங்களின் சங்கமே கணக்குக் காட்டுகிறது. "அதெல்லாம் கேண்டி க்ரஷ்" என்பீர்கள். இருக்கட்டும். கேண்டி க்ரஷ் ஆடும் சித்தி கொடுப்பது செல்லாத காசா?

உங்கள் கடைக்காரனையே எடுத்துக்கொள்வோம். 1980இல் பேக்-மேனை உருவாக்கிய தோரு இவாதானி, பையன்கள் மட்டுமே அடைந்துகிடந்த ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு கேம் ஆடும் கூடங்களுக்கு, பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்று யோசித்துத்தான் அதைச் செய்தார். அதனால்தான் அதில் சுடுவது கிடையாது, தின்பதுதான் வேலை. பிறகு 1983இல் வட அமெரிக்கச் சந்தை கவிழ்ந்தது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். 1985இல் நின்டெண்டோ தன் கேம் கருவியோடு ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்து, இது பொம்மை என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தது. பொம்மைக் கடையிலோ பையன் வரிசை ஒன்று, பெண் வரிசை ஒன்று. சரக்கு பையன் வரிசைக்குப் போனது, விளம்பரமும் பின்னாலேயே போனது. பத்து வருடம் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு, அடுத்த வரிசையில் ஆளே வரவில்லை என்றால் எப்படி?

அந்த அடுத்த வரிசையில் 1996இல் ஒருமுறை சரக்கு வைத்துப் பார்த்தார்கள். பார்பி ஃபேஷன் டிசைனர். கணினியில் உடை வடிவமைத்து, துணியில் அச்செடுத்து, பொம்மைக்கு மாட்டலாம். இரண்டே மாதத்தில் ஐந்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பிங்க் கலரைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆனால் விற்றது விற்றதுதான்.

பெயர் வேண்டாம்: ஆரம்ப காலத்தில் கேம் செய்தவர்களில் பெண்களே இல்லையா?

இருந்தார்கள். ஆர்கேடில் சென்டிபீட் ஆடியிருந்தால், 1981இல் எட் லாக்கோடு சேர்ந்து அதைச் செய்தவர் டோனா பெய்லி. படத்தோடு கூடிய சாகச விளையாட்டுக்கு வழிபோட்ட மிஸ்டரி ஹவுஸ், 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் கேரல் ஷா. 1978இல் அட்டாரி என்ற கேம் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒருநாள் நிறுவனத் தலைவர் வந்து, பெண் டிசைனர் கிடைத்துவிட்டார், இனி ஒப்பனை, வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் கேம் போடலாம் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் செய்தது என்ன தெரியுமா? ஆக்டிவிஷனுக்கு மாறி 1982இல் ரிவர் ரெய்ட். ஆற்றின் மேல் விமானம் ஓட்டிக்கொண்டே போவீர்கள், ஆறு முடியவே முடியாது. அவ்வளவு நீள ஆறு மொத்தமும் 4 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள். படமாகச் சேமித்தால் இடம் பத்தாது என்பதால், ஒரு கணிதச் சூத்திரம் ஓட ஓட ஆற்றைப் பின்னிக்கொண்டே போகும்படி எழுதினார். ஒவ்வொரு தடவையும் அதே ஆறு வரும், ஆனால் எங்கும் அது சேமிக்கப்பட்டிருக்காது. இன்றைக்கும் புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தான் பாடம் எடுக்கிறேன்.

ஜப்பானில் இசையைப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் இசையில் பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா. முதல் மெகா மேனுக்கு மனாமி மாட்சுமாயே. நம் தலைமுறை முணுமுணுத்த மெட்டுகள் பல, பெண்கள் போட்டவை.

அருண்: மெட்ராய்ட் கேமில் வரும் ஸேமஸ்தானே முதல் பெரிய பெண் நாயகி? 1986லேயே!

ஆமாம். கவசத்துக்குள் இருப்பது பெண் என்று கடைசியில்தான் தெரியும், அருமையான திருப்பம். கூடவே இன்னொன்றும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த உடையில் வருவாள். நாயகியும் அவளே, பரிசும் அவளே.

காவ்யா, திருச்சி: லாரா கிராஃப்டைப் பெண்களுக்குப் பெருமை என்பதா, கேவலம் என்பதா? எங்க ஹாஸ்டல்ல சண்டையே வந்துடுச்சு.

இரண்டு பக்கமும் சரி என்று தீர்ப்பு சொல்லித் தப்பிக்க ஆசைதான். 1996இல், டூம் ரெய்டர் கேமில், ஒரு பெண் தனியாகக் குகைக்குள் போகிறாள், யாரும் காப்பாற்ற வரவில்லை. அந்த வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. விளையாட்டுக்குள் இருந்த லாரா வேறு, சுவரொட்டியில் இருந்த லாரா வேறு. சுவரொட்டி லாராவைச் செய்தது விளம்பரப் பிரிவு. அவளை உருவாக்கிய டோபி கார்டே அது பிடிக்காமல் முதல் கேமோடு நிறுவனத்தை விட்டுப் போனார். 2013இல் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது எழுதியவர் ரியானா பிராட்செட். உடல் மனித உடலானது, அடிபட்டால் வலித்தது.

செந்தில், ஓசூர்: நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். பெண் கேரக்டர் சேர்த்தா அனிமேஷன் செலவு டபுள் ஆகும்னு சொல்றாங்களே, டெக்னிக்கலா உண்மைதானே?

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன்.

2014 ஜூனில் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி என்ற கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், நால்வரும் ஆண்கள். ஏன் என்று கேட்டதற்கு, அனிமேஷன், குரல், உடை எல்லாம் இரட்டிப்பாகும் என்று பதில் வந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அனிமேஷன்களைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்றார் இன்னொருவர்.

அனிமேஷன் என்பது எலும்புக்கூட்டுக்குச் செய்வது, தோலுக்கு அல்ல. அந்த எலும்புக்கூட்டைத்தான் ரிக் என்பார்கள். ஒரு ரிக்கில் செய்த ஓட்டத்தை, தாவலை, அளவு வேறான இன்னொரு ரிக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ரீடார்கெட்டிங் என்று பெயர், தினசரி வேலை. முழுதும் தானாக நடக்காது. இடுப்பு, தோள், கை வைக்கும் இடம் எல்லாம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். நடை வேறாக வேண்டுமென்றால் அதைப் புதிதாகச் செய்யலாம். ஆனால் எட்டாயிரத்தையும் முதலிலிருந்தா? அதே வரிசையில் மூன்றாம் பாகத்துக்கு அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜொனாதன் கூப்பர், இது ஒன்றிரண்டு நாள் வேலை என்று பொதுவெளியிலேயே சொன்னார். 2012இல் வந்த லிபரேஷனின் நாயகி அவெலின், மூன்றாம் பாக நாயகன் கானரின் அசைவுகளில் பலவற்றைப் பகிர்ந்துகொண்டாள் என்பதையும் எடுத்துக் காட்டினார். ஒன்றிரண்டு நாள் என்பது கொஞ்சம் தாராளம் என்பேன், நானும் ரிக்கோடு மல்லுக்கட்டியவள். ஆனாலும் இரட்டிப்புக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

மீதிக் கதை 2020இல் வெளியே வந்தது. அதே வரிசையில் 2018இல் வந்த ஒடிஸியில் கசாண்ட்ரா, அலெக்ஸியோஸ் என்று இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பீர்கள் அல்லவா? குழு நினைத்தது கசாண்ட்ரா மட்டும் போதும் என்று. பெண் நாயகி விற்கமாட்டாள் என்று மேலிருந்து தடுத்துவிட்டார்கள் என ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. அந்த மேலிடத்தின் படைப்புத் தலைவர் செர்ஜ் ஹாஸ்கோயே 2020 ஜூலையில் பதவி விலகினார். பணியிடத் துன்புறுத்தல் வழக்கில் 2025இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு 18 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. எலும்புக்கூட்டின் மேல் பழிபோட்டது எவ்வளவு வசதி, பாருங்கள்.

விக்னேஷ்: மாஸ் எஃபெக்ட் 3ல ஆணாவும் ஆடலாம், பெண்ணாவும் ஆடலாம். 18 சதவீதம் பேர்தான் பெண் ஷெப்பர்டை எடுத்தாங்க. டேட்டா பொய் சொல்லுமா?

சொல்லாது. அதே டேட்டாவைக் கொஞ்சம் தள்ளியும் படியுங்கள். 2021இல் மூன்று பாகங்களையும் மெருகேற்றி வெளியிட்டபோது அந்த எண் 32. கதை அதே, ஜெனிஃபர் ஹேலின் குரல் அதே. முதல் இரண்டு பாகங்களின் விளம்பரத்தில் பெண் ஷெப்பர்டின் முகத்தையே காட்டவில்லை. தொடங்கியதும் திரையில் நிற்பவனும் ஆண்தான். ஹோட்டலில் இலையில் வைத்ததைச் சாப்பிட்டவர்களை எண்ணி, இவர்கள் விரும்பியது இதுதான் என்று எழுதிக்கொள்வதைப் போன்றது அந்த 18.

பெயர் வேண்டாம்: மேடம், நான் ஒரு ஸ்டூடியோவில் கேமில் பிழை தேடும் க்யூஏ டெஸ்டர். வெளியில் படிக்கும் வழக்குச் செய்திகள் எல்லாம் உண்மையா? உள்ளே உண்மையில் எதாவது மாறியிருக்கிறதா?

உண்மைதான் அம்மா. பெரியவை இரண்டு. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் செய்யும் ரயட் கேம்ஸில் பெண்களை நடத்தும் விதத்தை 2018 ஆகஸ்டில் கொட்டாகு என்ற கேம் செய்தித்தளம் வெளியிட்டது. 2019இல் ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள். பெண் ஊழியர்களின் வழக்கை ஒரு கோடி டாலரில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரசம் பேசப்பட்டது. அது குறைவு என்று கலிஃபோர்னியா அரசு குறுக்கே நின்றது. 2021 டிசம்பரில் அந்தத் தொகை பத்து கோடி டாலரானது. குறுக்கே நிற்க ஒருவர் இருந்தால் தொகை பத்து மடங்காகும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆக்டிவிஷன் பிளிஸர்ட் மேல் அதே மாநிலம் 2021 ஜூலையில் வழக்குப் போட்டது. ஊழியர்களில் பெண்கள் சுமார் 20 சதவீதம்தான் என்றும், குறைந்த சம்பளம், தொல்லை என்றும் புகார். பிளிஸர்ட் பிரிவின் தலைவர் விலகினார். பதிலாக ஜென் ஓனீல், மைக் இபாரா என்று இருவரைச் சேர்த்து அமர்த்தினார்கள். மூன்றே மாதத்தில் ஓனீல் போய்விட்டார். ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார வைத்தும், தனக்குச் சம்பளம் குறைவாக இருந்ததாக அவர் எழுதியது பின்னால் வெளியானது. 2023 டிசம்பரில் வழக்கு சுமார் ஐந்தரைக் கோடி டாலரில் முடிந்தது.

உள்ளே மாறியிருக்கிறதா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் வேலை ஓர் அவுட்சோர்ஸிங் ஸ்டூடியோ. வெளிநாட்டு கேம்களுக்குக் கவசம், வாள், கதவு செய்து அனுப்புவோம். ஒருநாள் வந்த ரெஃபரன்ஸ் ஷீட்டில் ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்பு, பெண் வீராங்கனைக்கு வயிறு திறந்திருந்தது. "சார், குத்துனா எங்க குத்துவான்?" என்று லீடிடம் கேட்டேன். "கிளையண்ட் ஷீட்ல இருக்குறதைப் பண்ணும்மா" என்றார். பண்ணினேன். சம்பளம் வேண்டுமே. இன்றைக்கு அந்தக் கேள்வியை என் குழுவில் ஒரு பையன் கேட்கிறான், நான் கேட்பதற்கு முன்னாலேயே. உங்கள் விஷயத்துக்கு: நிறுவனத்தில் போஷ் சட்டப்படியான, அதாவது பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படியான, உள்புகார்க் குழு இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இருந்தே ஆகவேண்டும். எதையும் தேதியோடு எழுதி, அலுவலக மடிக்கணினியில் இல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

ஷபானா: நான் நல்லா ஆடுவேன்க்கா. ஆனா மைக்கை ஆன் பண்ணினா ஒண்ணு வழியுறாங்க, இல்ல திட்டுறாங்க. எப்பவும் மியூட்லதான் ஆடுறேன்.

நானும் அப்படித்தான் ஆடினேன்மா, பல வருடம். மியூட்டில் ஆடுவது தோல்வி இல்லை. குழுவோடு பேசாமல் ஆடுவதால் ஆட்டம் கெடும், அதுதான் நம் நஷ்டம்.

கெகுரி என்ற கொரியப் பெண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2016இல், 17 வயதில், ஓவர்வாட்ச் என்ற அணிச் சண்டை கேமில் சாரியா என்ற பாத்திரமாக ஆடி அடித்துத் துவைத்தாள். இவ்வளவு குறி தவறாமல் அடிக்க முடியாது, மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறாள் என்று எதிரணியினர் புகார் சொன்னார்கள். மிரட்டலும் வந்தது. கையைக் கேமரா பார்க்க, நேரலையில் உட்கார்ந்து ஆடிக் காட்டினாள். ஏமாற்றவில்லை என்று நிறுவனமும் சொன்னது. பழி போட்டவர்கள் ஒதுங்கினார்கள். 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் வீரரானாள். கதை நன்றாக முடிந்ததென்று எல்லோரும் பகிர்கிறார்கள். நன்றாக ஆடினான் என்பதற்காக ஒரு 17 வயதுப் பையனைக் கேமராமுன் உட்கார வைத்திருப்பார்களா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு "உண்மையான கேமர்": வேணும்னே இப்ப பொண்ணுங்களை அசிங்கமா வரையுறீங்க. ஹரைஸன் கேம் நாயகி ஏலாய்க்கு முகத்துல முடி!

கன்னத்தில் பூனைமுடி இல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருமுறை வெயிலில் உங்கள் கன்னத்தைப் பாருங்கள்.

தமிழ்ச்செல்வி, மதுரை: நம்மூர் அம்மாக்கள் மாதிரி ஒரு பெண் எந்த கேமிலாவது வருகிறாளா?

வருகிறாள். வெண்பா, 2023. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கணவனோடு கனடாவுக்குப் போன தமிழ்ப் பெண். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்திருக்கும். விட்டுப்போன வரியை நீங்கள் யூகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. புட்டுக் குழாயும் உண்டு. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான். முழு கேமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மகன் தமிழில் பேசத் தயங்கும் இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஓர் அம்மா, ஈரோடு: மகள் பிளஸ் டூ. கேம் டிசைன்தான் படிப்பேன் என்று அடம். அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் லட்சக்கணக்கில் கேட்கும் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து அல்ல. ஏதாவது ஒரு நல்ல இளநிலைப் பட்டம் போதும்; பிறகு வேண்டுமானால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுநிலை இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைவிட அவள் செய்து முடித்த கேமைத்தான் பார்ப்பார்கள். கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம். இந்த விடுமுறையில் ஐந்து நிமிடம் ஆடக்கூடிய ஒன்றை முடிக்கச் சொல்லுங்கள். "முடிக்க" என்பதை அடிக்கோடிடுங்கள்.

பின்னாளில் நேர்முகத்துக்குப் போகும்போது அவளும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: போன கேம் வெளியாகுமுன் எத்தனை வாரம் ராத்திரியும் வேலை செய்தீர்கள்? உங்கள் குழுவில் லீடாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர்? இரண்டாவதற்கு அவர்கள் சொல்லும் எண்ணைவிட, சொல்லுமுன் யோசிக்கும் நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.