எச்.ஐ.வி உள்ள தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கலாமா? அவனுக்குக் கல்யாணம் பேசலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பி எழுதுகிறேன். தம்பிக்கு எச்.ஐ.வி. ஒன்றரை வருடமாகக் குளிசை போடுகிறான். இரத்தத்தில் வைரஸ் இப்போது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் அம்மா அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாக வைத்திருக்கிறா. உங்கள் 2 வயது மகளை அவன் தூக்கினால் உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. அதோடு, அவனுக்குக் கல்யாணம் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, அந்தக் கோப்பையை எடுத்து மற்றக் கோப்பைகளோடு வையுங்கள். பிள்ளையை அவன் தூக்கட்டும், கொஞ்சட்டும், சோறு தீத்தட்டும். கல்யாணமும் கட்டலாம். ஆனால் கட்டப்போகிறவளுக்கு முதலே சொல்லித்தான் கட்ட வேண்டும்.

இதை நான் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எனக்கும் எச்.ஐ.வி இருக்கிறது. நான் கிளிநொச்சிப் பக்கம். மேசன் வேலை. 2017இல் எனக்குத் தெரிய வந்தது.

கட்டாருக்கு இரண்டாம் முறை போவதற்காகக் கொழும்பில் ஒரு மெடிக்கல் சென்டரில் இரத்தம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஏஜென்ட் போன் எடுத்து, "தம்பி, நீங்கள் அன்ஃபிட். இரத்தத்தில் பிரச்சினை. இனிப் போக ஏலாது" என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டேன். எயிட்ஸ் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். எங்கே போக வேண்டும், மருந்து இருக்கிறதா, ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு ஊருக்கு வந்த பஸ் வழக்கம்போல முறிகண்டியில் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கும் ஒரு கை கச்சான் நீட்டினா. அவவின் கை என் கையில் படாமல் வாங்க நான் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. கை பட்டால் அவவுக்கும் வந்துவிடும் என்றே அன்று நம்பினேன்.

மூன்று கிழமை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு அரசாங்க வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு மிஸ்ஸி மறுபடி இரத்தம் எடுத்து, உறுதிப்படுத்தி, ஒரு மணித்தியாலம் என்னோடு இருந்து கதைத்தா. முதலில் சொன்னது, "உங்களுக்கு இருப்பது எச்.ஐ.வி. எயிட்ஸ் இல்லை" என்பதுதான். எச்.ஐ.வி என்பது வைரஸ். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தருகிற சி.டி.4 கலங்களை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போகும். நல்ல உடம்பில் அந்தக் கலங்கள் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போன, அல்லது காசநோய் போன்ற பெரிய வருத்தங்கள் பிடித்த நிலையைத்தான் எயிட்ஸ் என்கிறார்கள். நேரத்துக்கு மருந்து தொடங்கினால் அந்த இடத்துக்குப் போகவே தேவையில்லை. எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அவ என்னைக் குற்றவாளி போல் விசாரிக்கவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. தம்பியிடமும் அதைத் துருவாதீர்கள். சொல்ல விரும்பினால் அவனே சொல்வான்.

இனிக் கோப்பைக் கதைக்கு வருகிறேன். என் அம்மாவும் அதைத்தான் செய்தா. எல்லாம் ஒரே மாதிரி சில்வர் கோப்பைகள் என்பதால், என்னுடையதன் விளிம்பில் ஆணியால் மூன்று புள்ளி குத்தி அடையாளம் வைத்திருந்தா. அதைக் கழுவித் தனியாகக் கவிழ்ப்பா. ஒருநாள் கோப்பையை விரலால் தடவும்போது அந்தப் புள்ளிகள் தட்டுப்பட்டன. அவவில் கோபம் வரவில்லை. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

அம்மாவை அடுத்த கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவ கேட்ட முதல் கேள்வி நுளம்பு. வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது. தொண்ணூறுகளில் மலேரியா வந்து குளிரில் நடுங்கி, பாயோடு கிடக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. "அவனைக் கடித்த நுளம்பு எங்களைக் கடித்தால்?" என்று கேட்டா. மிஸ்ஸி நல்ல விளக்கம் சொன்னா. மலேரியாக் கிருமி நுளம்புக்குள்ளேயே வளர்ந்து, அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து, அடுத்த ஆளைக் கடிக்கும்போது எச்சிலோடு இறங்குகிறது. எச்.ஐ.வி அப்படியில்லை. அது நுளம்பின் வயிற்றில் வாழாது, பெருகாது, இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகும். நுளம்பு கடிக்கும்போது உள்ளே விடுவது தன் எச்சிலைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. அம்மாவுக்கு மலேரியா தெரியும் என்பதால் அந்த வித்தியாசம் சட்டென்று விளங்கியது. வீட்டுக்கு வந்து கோப்பைகளை ஒன்றாக அடுக்கினா. அந்தப் புள்ளி போட்ட கோப்பை இப்போதும் வீட்டில் இருக்கிறது. யாருடைய கையில் வருகிறதோ அவர் சாப்பிடுவார்.

எச்.ஐ.வி தொற்றுவது இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றால்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், இருமல், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே கக்கூஸ், ஒரே துவாய் இவற்றால் வராது. வீட்டில் கவனிக்க வேண்டியது சவர அலகும் ஊசியும் மட்டும். அவை எந்த வீட்டிலும் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் இருக்க வேண்டும். தம்பிக்குக் கை வெட்டுப்பட்டால் எல்லோருக்கும் செய்வதுபோலத் துணியால் அழுத்திக் கட்டி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

உடலுறவில் எவ்வளவு ஆபத்து என்பதைச் சிலர் எண்ணைப் பார்த்துத் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். மருந்து எடுக்காத ஓர் ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒருமுறை உறவில் தொற்றும் சாத்தியம், ஆய்வாளர்களின் மதிப்பீட்டில் 10,000க்கு சுமார் 8. பெண்ணிடமிருந்து ஆணுக்கு சுமார் 4. ஆசனவாய் வழி உறவில், ஏற்றுக்கொள்பவருக்கு சுமார் 138. "இவ்வளவு குறைவா?" என்று நினைக்க வேண்டாம். அது ஒருமுறைக்கான கணக்கு. சிலருக்கு முதல் முறையிலேயே வந்திருக்கிறது. புதிதாகத் தொற்றிய முதல் சில கிழமைகளில் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், அந்த நேரத்தில் ஆபத்தும் பல மடங்கு கூடும். அப்போது அவருக்கே தனக்கு இருப்பது தெரியாது. உண்மையில் பயப்பட வேண்டியது சோதிக்காமல் இருப்பவர்களை நினைத்துத்தான், மருந்து போடும் உங்கள் தம்பியை நினைத்து அல்ல.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? மருந்து வைரஸை உடம்பில் பெருக விடாது. ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸின் அளவு, சோதனையில் பிடிபடாத மட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் துணைக்குத் தொற்றாது. "குறைவாகத் தொற்றும்" என்று சொல்லவில்லை, தொற்றாது. இதைச் சும்மா நம்பிக்கையில் சொல்லவில்லை. 9 நாடுகளில் 1763 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவருக்கு எச்.ஐ.வி, மற்றவருக்கு இல்லை. ஒரு பக்கத்தினருக்கு மருந்தை முதலே தொடங்கினார்கள், மற்றப் பக்கத்தினருக்குப் பிற்போட்டார்கள். சென்னையிலும் அது நடந்தது. 2011இல் முடிவைப் பார்த்தபோது, துணையிடமிருந்தே தொற்றியது என்று உறுதியான 28 பேரில் 27 பேரின் துணைகள் மருந்தைப் பிற்போட்ட பக்கத்தில் இருந்தவர்கள். முதலே மருந்து தொடங்கிய பக்கத்தில் ஒரே ஒருவர். பிறகு ஐரோப்பாவில் பார்ட்னர் என்ற ஆய்வில், வைரஸ் அடங்கியிருந்தவர்களும் அவர்களுடைய துணைகளும் ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட சுமார் 58,000 தடவைகளைக் கணக்கெடுத்தார்கள். அந்தத் துணையிடமிருந்து தொற்றியது பூச்சியம். 2016இல் அந்த முடிவு வெளிவந்தது. 2019இல் ஆண்-ஆண் தம்பதிகளிடம் சுமார் 76,000 தடவைகள், அதிலும் பூச்சியம்.

இந்தப் பூச்சியத்துக்கு ஒரே நிபந்தனை, குளிசை தவறக்கூடாது. வைரஸ் சில கலங்களுக்குள் நித்திரை கொள்வதுபோல் ஒளிந்திருக்கும். மருந்தை நிறுத்தினால் சில கிழமைகளிலேயே எழும்பிப் பெருகும். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கு அடங்காத வகையும் உருவாகலாம்.

தம்பிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. நான் முதலில் எடுத்தது அடையாள அட்டையையும் குளிசைப் போத்தலையும்தான். சொப்பிங் பையில் சுற்றிச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒரு வகுப்பறையில் எத்தனையோ குடும்பங்கள். போத்தல் அசைந்தால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். அதற்குள் பஞ்சு அடைத்தேன், லேபிளை நகத்தால் சுரண்டினேன். இரவு 9 மணிக்குத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் இருட்டில் விழுங்கினேன். பின்னால் வந்த ஐயா ஒருவர், "என்ன தம்பி, இந்த வயதிலேயே குளிசை?" என்று அன்பாகத்தான் கேட்டார். பிரஷர் என்றேன். நல்ல மனிதர் ஒருவருக்குப் பொய் சொன்னது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அந்த நாட்களில் எனக்குத் தந்த மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தது. இரவில் போட வேண்டும். சிலருக்குப் பயங்கரக் கனவு வரும் என்று முதலே சொன்னார்கள். எனக்கு வந்தது, கடைசிச் சண்டை நடந்த மாத்தளன். 2009இல் பங்கருக்குள் இருந்த இரவுகள் அப்படியே சத்தத்தோடு திரும்பி வந்தன. இதை எப்படி டொக்டரிடம் சொல்வது என்று தெரியாமல் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தேன். அது பிழை. சொன்ன பிறகு மருந்தை மாற்றித் தந்தார்கள். இப்போது போடுவது டொலுடெக்ராவிர், டெனோஃபோவிர், லாமிவுடின் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, ஒரு நாளைக்கு ஒன்று. கனவு போய்விட்டது. தம்பிக்கும் ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, அவன் போடுவதும் டொலுடெக்ராவிர் என்றால், நெஞ்செரிவுக்குக் குடிக்கிற அன்டசிட் மருந்து, இரும்புச் சத்துக் குளிசை, கல்சியம் எல்லாம் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கிளினிக்கில் கேட்கட்டும். காசநோய் மருந்து, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பதானாலும் முதலே சொல்ல வேண்டும். மருந்துக்கும் சோதனைக்கும் அரசாங்கக் கிளினிக்கில் காசில்லை. செலவு பஸ்ஸுக்குத்தான். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நான் கிட்ட உள்ள கிளினிக்கை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போகிறேன். ஒருநாள் கூலியும் போகும்.

இனிக் கல்யாணம். நான் 2021இல் கட்டினேன். பேச்சு வந்தவுடனேயே, மாங்குளத்தில் அவளின் சித்தி வீட்டு முற்றத்தில் வைத்து அவளிடம் மட்டும் சொன்னேன். இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் போட்டு உடைக்கவில்லை. அவள் கன நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை பெறலாமா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கிளினிக்கில் கேட்போம் என்றேன். இருவரும் போனோம். டொக்டர் என் ரிப்போர்ட்டை எனக்கு முன்னாலேயே, என் சம்மதத்தோடு அவளுக்குக் காட்டி விளக்கினார். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு நேராக வராது, தாய்க்குத் தொற்றியிருந்தால்தான் பிள்ளைக்கு வர வழி உண்டு என்றார். தாய்க்கே இருந்தாலும் கர்ப்பத்தில் மருந்து எடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்தது, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கிளினிக்கில் இரத்தம் பார்ப்பதால்தான். எங்கள் மகளுக்கு இப்போது நடக்கத் தெரியும். மனைவியின் சோதனை ஒவ்வொரு முறையும் இல்லை என்றே வருகிறது.

சில விஷயங்களில் மட்டும் தம்பி விட்டுக்கொடுக்கக்கூடாது. வைரஸ் எவ்வளவு அடங்கியிருந்தாலும் இரத்த தானம் செய்யக்கூடாது. மற்றப் பாலியல் நோய்களை இந்தக் குளிசை தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும். கல்யாணம் நடக்கும் காலத்தில் அவனுடைய ரிப்போர்ட் புதியதாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு முந்தியதைக் காட்டி நம்பச் சொல்லக்கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிளினிக் திகதி எப்போது என்று தம்பியிடம் கேளுங்கள். அவனுக்குச் சம்மதம் என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போங்கள். வெளியில் உள்ள வாங்கில் அவன் தனியாக இருக்க வேண்டாம். அம்மா நுளம்பைப் பற்றிக் கேட்கட்டும், நீங்கள் மகளைப் பற்றிக் கேளுங்கள்.